மனதுக்குள் ஓடும் பேச்சைப் பயன்படுத்திக்கொள்வது எப்படி?

நாலு வயதுக் குழந்தை கட்டைகளை அடுக்கி வீடு கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்துப் பாருங்கள். "இது இங்க... இல்ல, இது பெருசு... சின்னது எங்க? ஆங், இதான்." அது யாரிடமும் பேசவில்லை. கட்டை சரியாக உட்காராத இடத்தில் பேச்சு கூடும். வேலை சுலபமானால் குறையும். சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி (1896–1934) இதை ஆராய்ந்து சொன்னது: வயது ஏறும்போது இந்தப் பேச்சு நின்றுவிடுவதில்லை, உள்ளே போய்விடுகிறது. சத்தம் முணுமுணுப்பாகி, முணுமுணுப்பு உதட்டசைவாகி, கடைசியில் வெளியே கேட்காத பேச்சாகிறது.

அந்தக் குழந்தை ஒருமுறைகூட "நான் பெரிய கெட்டிக்காரன்" என்று சொல்லிக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். அடுத்த கட்டையை எங்கே வைப்பது என்பதை மட்டுமே பேசியது. 'பாசிட்டிவ் செல்ஃப் டாக்' என்ற பெயரில் பரவியிருக்கும் பாதி அறிவுரைகள் இந்த இடத்தில்தான் வழி தவறுகின்றன. தன்னிடம் தானே பேசுவது பெரும்பாலும் பலன் தருவது அடுத்த வேலையைக் காட்டும்போது. வெறும் புகழ்ச்சியாக மாறும்போது பலன் குறைகிறது, சிலருக்குத் தலைகீழாகவும் போகிறது.

முதல் வேலை: பேச்சைப் பிடிப்பது

பெரியவர்களின் உள்பேச்சு சுருக்கெழுத்து மாதிரி. பரீட்சை ஹாலில் மூன்றாவது கேள்வி தெரியவில்லை என்றால் மனதுக்குள் முழு வாக்கியம் ஓடாது. "போச்சு" என்று ஒரு சொல் வரும், அவ்வளவுதான். விரித்துப் பார்த்தால் அதற்குள் இவ்வளவு இருக்கும்: "இது தெரியலைன்னா மத்ததும் தெரியாது, ஃபெயில் ஆயிடுவேன், வீட்ல என்ன சொல்றது." ஒற்றைச் சொல்லாக இருக்கும்வரை அதோடு வாதாட முடியாது. அதனால்தான் முதல் வேலை, சுருக்கத்தை விரித்து எழுதுவது.

நான்கைந்து நாட்களுக்கு ஒரு சின்ன நோட்டு போதும். மனம் சுருங்கிய நேரத்தில் மூன்று வரி எழுதுங்கள்: என்ன நடந்தது, மனதுக்குள் என்ன ஓடியது, அதன்பிறகு என்ன செய்தீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பதிவு இருந்தால் தாராளம்.

இதில் வழக்கமாக இரண்டு பிழைகள் நடக்கும். ஒன்று, பேச்சுக்குப் பதிலாக உணர்ச்சியை எழுதிவிடுவது. "பயமா இருந்துச்சு" என்பது பேச்சு அல்ல. பயந்தபோது என்ன சொல்லிக்கொண்டீர்கள்? "எல்லாரும் என்னையே பார்க்கறாங்க" என்பதுதான் பேச்சு. இன்னொன்று, ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக எழுதுவது. அதற்குள் மனம் வாக்கியத்தைச் சீவிச் சிங்காரித்துவிடும். "எனக்குத் தன்னம்பிக்கை குறைவாக இருந்தது" என்று புத்தக நடையில் எழுதியிருந்தால் அது அப்போது ஓடிய பேச்சு அல்ல. மனதுக்குள் நாம் பேச்சுத் தமிழில்தான் திட்டிக்கொள்கிறோம். எழுதுவதும் அப்படியே இருக்கட்டும், கெட்ட வார்த்தை உட்பட.

"எனக்குள்ள யாரும் பேசறதே இல்லையே" என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் ஹர்ல்பர்ட், பலரிடம் பீப் ஒலி எழுப்பும் கருவியைக் கொடுத்து, அது ஒலிக்கும் நொடியில் மனதில் இருந்ததைக் குறிக்கச் சொன்னார். சிலருக்கு எப்போதும் சொற்கள், சிலருக்குப் படங்கள், சிலருக்குச் சொல்லும் படமும் இல்லாத எண்ணம். படமாக ஓடுகிறவர்கள் அந்தப் படத்தையே எழுதலாம்: "மேடையில் நான் நிற்கிறேன், வாய் திறக்கவில்லை." அதுவும் பேச்சுதான்.

நோட்டில் தேட வேண்டியவை

நோட்டைப் புரட்டும்போது சில விகுதிகளில் வட்டம் போடுங்கள். தமிழில் மிகைப்படுத்தல் பெரும்பாலும் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். "எப்பவுமே", "எதுவுமே", "ஒருத்தருமே" என்பவற்றின் கடைசி ஏகாரம்தான் ஒரு சம்பவத்தை முழு வாழ்க்கையாக்குகிறது. "இந்தக் கணக்கு வரல" என்பது தகவல். "எனக்குக் கணக்கே வராது" என்பது தீர்ப்பு. ஒரே எழுத்து செய்யும் வேலையைப் பாருங்கள்.

அடுத்து "-ணும்". "நல்லா பண்ணியே ஆகணும்", "எல்லாருக்கும் பிடிக்கணும்." 1950களில் தன் சிகிச்சை முறையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ், மனிதர்களை வாட்டுவதில் பெரும்பங்கு இந்த 'ஆகவேண்டும்' என்ற கட்டளைகளுக்குத்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். விருப்பம் கட்டளையாகும்போது, சின்னச் சறுக்கலும் விதி மீறலாகத் தெரியும். "நல்லா பண்ண ஆசைப்படறேன்" என்று மாற்றினால் முயற்சி குறைவதில்லை, கழுத்தில் இருக்கும் பிடி மட்டும் தளர்கிறது.

ஒரு வாக்கியத்தைத் திருத்திப் பார்ப்போம்

நாளை இன்டர்வியூ. நோட்டில் இருப்பது: "கண்டிப்பா சொதப்பிடுவேன்."

பலரும் உடனே எழுதும் மாற்று: "நான் கண்டிப்பா ஜெயிப்பேன்." இதை மெதுவாக, சத்தமாக ஒருமுறை சொல்லிப் பாருங்கள். சொல்லி முடித்த அடுத்த நொடி உள்ளே என்ன கேட்கிறது? பெரும்பாலும், "ஆமா, கிழிச்ச." அந்தப் பதில்தான் சோதனை. மனம் எதிர்த்துப் பேசினால் வாக்கியம் தோற்றுவிட்டது.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் உட் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. மணி அடிக்கும்போதெல்லாம் "நான் நேசிக்கத்தக்க நபர்" என்று சொல்லிக்கொள்ளச் சொன்னார்கள். ஏற்கெனவே தன்மதிப்பு உயர்ந்திருந்தவர்களுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது. தன்மதிப்பு குறைந்தவர்களுக்கு, அதாவது இந்த மருந்து யாருக்குத் தேவையோ அவர்களுக்கு, சொல்லாமல் இருந்தவர்களைவிட மனநிலை மோசமானது. நம்ப முடியாத வாக்கியம், நம்பாததற்கான காரணங்களையெல்லாம் மனதுக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. 1920களில் எமில் கூவே என்ற பிரெஞ்சு மருந்தாளுநர், "நாளுக்கு நாள் எல்லா விதத்திலும் நான் மேம்பட்டு வருகிறேன்" என்று தினம் காலையும் இரவும் இருபது முறை, இருபது முடிச்சு போட்ட கயிற்றில் எண்ணிக்கொண்டே சொல்லச் சொன்னார். கண்ணாடி முன் நின்று சொல்லும் வாசகங்களெல்லாம் அந்தக் கயிற்றின் பேரப்பிள்ளைகள்தான்.

சரி, "கண்டிப்பா சொதப்பிடுவேன்" என்பதை என்ன செய்வது? படிப்படியாகப் பிரிப்போம்.

"கண்டிப்பா" என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா? போன இன்டர்வியூவில் நடந்தது என்ன? முதல் இரண்டு கேள்விக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது, அப்புறம் பேச்சு வந்தது. ஆக உண்மையான வாக்கியம்: "முதல் ரெண்டு நிமிஷம் எனக்குத் திணறும், அப்புறம் பேசிடுவேன்." இது இனிப்பாக இல்லை, ஆனால் மனம் மறுக்காது. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பது இதில் இன்னும் இல்லை, அதையும் சேர்ப்போம்: "முதல் ரெண்டு நிமிஷம் திணறும். மெதுவா ஆரம்பிச்சா அப்புறம் பேசிடுவேன். முதல் பதிலைச் சின்னதா முடி."

இப்போது பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் மதிப்பெண் போடுங்கள்: இதை நான் எவ்வளவு நம்புகிறேன்? ஏழுக்குக் கீழே இருந்தால் இன்னும் சின்னதாக்குங்கள். இது ஆய்வகக் கணக்கு அல்ல, கைக்கணக்கு. ஆனால் நிறைய வெட்டி வாக்கியங்களை இதிலேயே களைந்துவிடலாம்.

எதிர்மறை ஏவல் ஏன் காலை வாருகிறது

"பதறாதே", "மறந்துடாதே", "தப்பு விடாதே." நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் தமிழில் எதிர்மறை வினையின் கடைசியில் வந்து சேர்கிறது. 'பதறு' என்பது முதலில், '-ஆதே' அப்புறம். தடுக்க வேண்டியதை முதலில் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுத்தான் எழுந்து போகச் சொல்கிறோம். எந்த மொழியாக இருந்தாலும் சிக்கல் இருக்கத்தான் செய்கிறது. அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் செய்த சோதனை பிரபலம்: ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியடியுங்கள் என்றார். மணி ஓயவில்லை. நினைக்கிறோமா என்று கண்காணிப்பதற்கே அதை நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கிறதே.

ஆகவே ஒவ்வொரு '-ஆதே'வுக்கும் பதிலாக, செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள். "பதறாதே" என்பது "மூச்சை நீளமா விடு" ஆகட்டும். "வேகமா பேசாதே" என்பது "ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்து" ஆகட்டும்.

வேலைக்கேற்ற பேச்சு

விளையாட்டுத் துறையில் இதை நன்றாகவே சோதித்திருக்கிறார்கள். 2011இல் 32 ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்ட கிரேக்க ஆய்வாளர்கள், சுயபேச்சு ஆட்டத்தை உண்மையாகவே மேம்படுத்துகிறது என்று கண்டார்கள். நுட்பமான கைவேலைக்கு, குறி வைப்பது, பந்தைத் துல்லியமாகத் தட்டுவது போன்றவற்றுக்கு, வழிகாட்டும் சொல் ("பந்தைப் பார்", "தோளைத் தளர்த்து") கூடுதல் பலன் தந்தது. புதிதாகப் பழகும் வேலைகளில் பலன் அதிகம். முன்கூட்டியே பயிற்சி எடுத்தவர்களுக்கு இன்னும் அதிகம்.

உடலை இழுத்துப் பிடிக்கும் வேலைக்கு ஊக்கச் சொல்லும் உதவுகிறது. 2014இல் வெளியான ஒரு சோதனையில் 24 பேர், இனி முடியாது என்று நிறுத்தும்வரை சைக்கிள் மிதித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் தங்களுக்குப் பிடித்த சில ஊக்க வாசகங்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு வாரம் வழக்கமான பயிற்சியில் பழகினார்கள். மறுபடி சோதித்தபோது அவர்கள் தாக்குப்பிடித்த நேரம் சுமார் 18 சதவீதம் கூடியிருந்தது, மற்றவர்களிடம் மாற்றமில்லை. இதில் பலரும் கவனிக்காமல் விடுவது அந்த 'இரண்டு வாரம்'. போட்டியன்று காலை புதிதாக ஒரு வாசகத்தைக் கண்டுபிடித்துச் சொன்னால் அது வேலை செய்ய வாய்ப்பு குறைவு.

கை நன்றாகப் பழகிய வேலைக்கு வேறு எச்சரிக்கை. அனுபவசாலி தன் அசைவை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே செய்தால் தடுமாறுவார். மாடிப்படி இறங்கும்போது "வலது கால், இடது கால்" என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். பழகியவருக்கு ஒரே ஒரு சொல் போதும், "நிதானம்" என்பதைப் போல.

நான், நீ, பெயர்

ஈதன் கிராஸ் குழு (மிச்சிகன் பல்கலைக்கழகம், 2014) ஒரு சோதனை செய்தது. உங்கள் கனவு வேலைக்கு நீங்கள் ஏன் தகுதியானவர் என்று மதிப்பிடுபவர்கள் முன் பேச வேண்டும். தயாராக ஐந்து நிமிடம். ஒரு பாதியினர் "நான் ஏன் பதறுகிறேன்?" என்று யோசித்தார்கள். மறுபாதியினர் தங்கள் பெயரையும் 'நீ'யையும் வைத்து யோசித்தார்கள். இரண்டாவது குழுவினர் நன்றாகப் பேசினார்கள், பேசிய பிறகு அதையே அசைபோட்டு வெட்கப்பட்டதும் குறைவு. இன்னொருவரின் சிக்கல் என்றால் நமக்குத் தெளிவாக யோசனை சொல்ல வருகிறது. பெயர் சொல்லிக் கூப்பிடுவது நம்மையே அந்த 'இன்னொருவர்' ஆக்கிவிடுகிறது.

தமிழுக்கு இது புதிதல்ல. அகப்பாடல்களில் தலைவன் தன் நெஞ்சைத் தனி ஆளாக எதிரே நிறுத்தி "நெஞ்சே" என்று பேசுவான். திருக்குறளில் தலைவி தன் நெஞ்சோடு பேசும் 'நெஞ்சொடு கிளத்தல்' என்று ஓர் அதிகாரமே உண்டு.

ஒரு ஜாக்கிரதை. 'நீ' என்று கூப்பிட்டால் மட்டும் போதாது. நம்மில் பலர் தங்களைத் திட்டுவதும் 'நீ'யில்தான். "நீயெல்லாம் எங்க உருப்படப் போற" என்பதும் முன்னிலைதான்! உங்களுக்கு மிகவும் பிடித்த தம்பியோ தங்கையோ இதே நிலையில் போன் செய்தால் எந்தக் குரலில் பேசுவீர்களோ, அந்தக் குரல் வேண்டும். "டேய், மூச்சு விடு. முதல் கேள்வியை மட்டும் பாரு." வாடா போடா உங்களுக்கு நெருக்கமாகப் பட்டால் அதுவே சரி, மரியாதைப் பன்மையில் யாரும் தன் மனதோடு பேசுவதில்லை.

படபடப்பு வந்த பிறகு

இதயம் அடித்துக்கொள்ளும்போது "அமைதியா இரு" என்பது உடம்பிடம் எடுபடுவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை ரிவர்ஸ் போடுவது மாதிரி அது. ஹார்வர்டின் அலிசன் உட் புரூக்ஸ் 2014இல் பாட்டு, மேடைப்பேச்சு, கணக்கு ஆகிய மூன்றிலும் சோதித்துப் பார்த்தார். தொடங்கும் முன் "உற்சாகமாக இருக்கிறேன்" என்று சத்தமாகச் சொன்னவர்கள், அமைதியாக இருப்பதாகவோ பதற்றமாக இருப்பதாகவோ சொன்னவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பதற்றத்திலும் உற்சாகத்திலும் உடம்பு ஏறத்தாழ ஒரே நிலையில்தான் இருக்கிறது. பெயரை மாற்றுவது சுலபம், நாடித்துடிப்பை இறக்குவது கஷ்டம். "உடம்பு ரெடியாயிடுச்சு" என்பது நம் வாய்க்கு இன்னும் இயல்பாக வரலாம்.

'நடந்தால்' வாக்கியம்

ஒரே ஒரு உத்தியை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் முன்வைத்த முறை: "இது நடந்தால், இதைச் செய்வேன்." 2006இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இலக்கை அடைவதில் இதற்கு நல்ல பலன் இருப்பது தெரிந்தது. "நல்லா படிப்பேன்" என்பதில் எப்போது, எங்கே என்பதே இல்லை. "ராத்திரி சாப்பிட்டுத் தட்டைக் கழுவினதும், மேஜையில உட்கார்ந்து ஒரு கணக்கு போடுவேன்" என்பதில் தட்டு கழுவுவதே மணி அடித்துக் கூப்பிடும்.

சிக்கலுக்கும் இப்படியே முன்கூட்டி எழுதலாம். முதலில் பார்த்த பரீட்சைக்கு: "ஒரு கேள்வி தெரியலைன்னா, ஓரத்துல புள்ளி வச்சிட்டு அடுத்ததுக்குப் போவேன்." "போச்சு" வரும் நேரத்தில் கைக்கு ஒரு வேலை தயாராக இருக்கும். இங்கே நடக்கும் தவறு, 'நடந்தால்' பகுதியை மங்கலாக விடுவது. "சோர்வா இருந்தா" என்பது எப்போது தொடங்குகிறது என்று யாருக்குத் தெரியும்? "கொட்டாவி வந்தா" என்று எழுதுங்கள். ஒரு சமயத்தில் இரண்டு மூன்றுக்கு மேல் எழுத வேண்டாம். பத்து எழுதினால் ஒன்றும் நினைவில் நிற்காது.

தோற்ற பிறகு

தன்னைத் திட்டிக்கொள்ளாவிட்டால் சோம்பேறியாகிவிடுவோம் என்ற பயம் பலருக்கு உண்டு. 2012இல் வந்த ஓர் ஆய்வில், ஒரு தேர்வில் சறுக்கிய மாணவர்களில் தங்களிடம் கனிவாகப் பேசிக்கொள்ள வைக்கப்பட்டவர்கள்தான் அடுத்த தேர்வுக்குக் கூடுதல் நேரம் படித்தார்கள். திட்டு வாங்கியவன் நோட்டைத் திறக்கவே பயப்படுவான். திட்டுவது தானாகவே இருந்தாலும் அப்படித்தான்.

ஆனால் கனிவு என்பது "சரி விடு" அல்ல. "சரி விடு" அந்த இடத்திலேயே முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறது. மூன்று வாக்கியம் போதும்: "வலிக்குது. எல்லாருக்கும் இது நடக்கும். அடுத்த தடவை இந்த ஒண்ணை மாத்தறேன்." மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டு மட்டும் ஓடினால், தேற்றிக்கொண்டது மட்டும்தான் மிச்சம்.

எங்கே இது போதாது

படிக்காத பாடத்தை எந்தப் பேச்சும் எழுத வைக்காது. இன்னும் மோசம், வெற்றியை மட்டும் சுகமாகக் கற்பனை செய்துகொண்டிருந்தால் முயற்சி குறைகிறது என்று உளவியலாளர் கேப்ரியேல் ஓட்டிங்கன் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். பாதி வழி போய்ச் சேர்ந்துவிட்ட மாதிரி மனம் ஓய்வெடுத்துக்கொள்கிறது. கற்பனைக்குப் பக்கத்திலேயே தடையையும் வைத்து யோசிக்கச் சொல்கிறார் அவர்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஈடுபாடின்றி மனம் இருண்டே இருந்தாலோ, உள்பேச்சு சாவைப் பற்றியோ தன்னைக் காயப்படுத்துவதைப் பற்றியோ இருந்தாலோ, குரல் வெளியிலிருந்து வருவதுபோல் கேட்டாலோ, அதற்கு நோட்டு மருந்தல்ல. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும், தாமதிக்காமல்.

பழக்கமாக்குவது

முக்கியமான நாளுக்கு முன் சின்ன விஷயங்களில் பழகுங்கள்: போன் எடுக்கும் முன், படியேறும்போது, கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்கும் முன். தனியாக இருந்தால் வாய்விட்டே சொல்லலாம். சத்தம் வரும்போது எண்ணத்தின் வேகம் குறையும். 21 நாளில் பழக்கமாகிவிடும் என்பதை நம்ப வேண்டாம். லண்டனில் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியான ஆய்வில், தினசரிப் பழக்கம் ஒன்று தானாக வர சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கும் வேலைக்கும் ஏற்ப 18இலிருந்து 254 வரை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பு எதையும் உண்டாக்கவில்லை.

வாக்கியங்கள் தேயவும் செய்யும். ஆறு வாரம் உதவிய "முதல் பதிலைச் சின்னதா முடி", ஏழாவது வாரம் காதில் விழாமலே போகலாம். அப்போது பலரும் செய்வது அதையே இன்னும் அழுத்திச் சொல்வது. அதைவிட நோட்டை மறுபடி எடுத்து, இப்போது மனதுக்குள் உண்மையில் என்ன ஓடுகிறது என்று மூன்று நாள் எழுதிப் பாருங்கள். திணறல் முதல் பதிலிலிருந்து சம்பளம் கேட்கும் கேள்விக்கு இடம் மாறியிருக்கும். புதிய வாக்கியம் அங்கே வேண்டும்.